வால்வு எமில்

இரும்புக் கொக்கியை மூடியின் ஓட்டையில் மாட்டி ஒரு நெம்பு நெம்பினார் எமில் ஹூடாக். சாலையின் நடுவே பதிந்திருந்த வட்ட மூடி பெயர்ந்து பக்கத்தில் விழுந்தது. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலந்தி ஒன்று கோபித்துக்கொண்டு ஓடியது. தன் தோள் உயரம் இருக்கும் டி வடிவச் சாவியை உள்ளே இறக்கி, அடியில் இருந்த வால்வின் தலையில் பொருத்தி, இரண்டு கைகளாலும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. சுற்றுகளை எண்ணுகிறார். சிகமோர் தெருவில் நாயோடு வந்துகொண்டிருந்த ஜேனட் ப்ரூயிட் அம்மாள் நடையை எட்டிப் போட்டார். எண்ணும்போது எமில் பேசமாட்டார். அந்த நேரத்துக்குள் கடந்து போய்விட்டால் பிழைத்தோம். இது ஹார்லன்பர்க்கில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நாய் காலை வாரிவிட்டது. குழியோரம் நின்று மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது, இழுத்தாலும் நகரவில்லை. எமில் எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"குட் மார்னிங் ஜேனட். இது என்னன்னு தெரியுமா?"

"தெரியும் எமில். வால்வு. போன வருஷமும் சொன்னே."

"வால்வுன்னா என்ன அர்த்தம்?"

"எமில், அடுப்புல பால் வெச்சிட்டு வந்திருக்கேன்..."

"கதவு!" என்றார் எமில், அம்மாளின் பாலைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல். "ரோமாபுரியில பெரிய பெரிய ரெட்டைக் கதவு வெச்சிருந்தான் பாரு, அதுல ஒரு பாதிக்குப் பேரு வால்வா. கீல்ல சுத்துதில்ல? சுத்தறது, உருள்றதுன்னு லத்தீன்ல ஒரு சொல் இருக்கு. அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. இப்ப சொல்லு, உன் வீட்டுக்குத் தண்ணி எது வழியா வருது?"

"குழாய் வழியா."

"கதவு வழியா! அப்ப நான் யாரு?"

ஜேனட் அம்மாள் நாயைப் பார்த்தார். நாய் குழியைப் பார்த்தது.

"இந்த ஊருக்கே வாட்ச்மேன்!" என்று சொல்லிவிட்டு எமில் மறுபடி சாவியைப் பிடித்தார். மூடிய வால்வைத் திறக்க வேண்டும், அதற்கும் எண்ண வேண்டும். அந்த அம்மாள் நாயைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஊர்க் குடிநீர்த் துறையில் இது வருடாந்தர வேலை. தெருவுக்கு அடியில் இருக்கும் ஒவ்வொரு வால்வையும் ஆண்டுக்கு ஒரு தடவை முழுக்க மூடி, முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் இறுகிப்போய், குழாய் வெடிக்கிற அன்றைக்கு மூட வராது. துறையில் இந்த வேலைக்கு உடற்பயிற்சி என்றே பெயர். "இன்னிக்கு வால்நட் தெருவுக்கு உடற்பயிற்சி குடுக்கணும்" என்று எமில் சொன்னால் புதிதாய்க் குடிவந்தவர்கள் ஒரு கணம் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். வயிறு பெல்ட்டைத் தாண்டி வழியும் இந்த மனிதரா உடற்பயிற்சி கொடுக்கப் போகிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம்.

அறுபதை எட்டிப் பார்க்கும் வயது. பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்து ஸ்லோவாக் குடும்பங்களுக்கே உரிய அகலமான முகம். கால்சட்டையை மேலே நிறுத்துவதற்குத் தோளில் மாட்டும் வார், இடுப்பில் பெல்ட் இரண்டுமே போட்டிருப்பார். ஒன்று பழுதானால் இன்னொன்று, குடிநீர்த் துறை என்றால் அப்படித்தான். மதியத்துக்குப் பூண்டு மணக்கும் கொல்பாசித் தொத்திறைச்சி வைத்த ரொட்டி, வினிகரில் ஊறவைத்த முட்டை, சாயங்காலத்துக்கு வீட்டில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் புரட்டிய ஹலுஷ்கி. இவை மூன்றும் இருந்தால் உலகத்தில் வேறு குறை இல்லை, கேட்பதற்கு ஆள் இருந்தால் போதும்.

இவ்வளவு பேசுகிறாரே, பெரிய சொல்லாராய்ச்சிக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எமிலுக்குப் பிறப்பு வளர்ப்பு தெரிந்த சொல் உலகத்திலேயே ஒன்றுதான். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில், சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் நேரம் போகாமல் ஒரு வாத்தியார் சொன்ன தகவல் அது. மற்றவர்கள் சாண்ட்விச்சோடு சேர்த்து அதையும் மென்று விழுங்கிவிட்டார்கள். எமில் மட்டும் ஜெபமாலை மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். அவரோடு வேலை செய்யும் ரே சாபோல் ஒருநாள் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தார்.

"அது சரி எமில், பைப்புன்னா எங்கேருந்து வந்தது?"

"அது எனக்கு வேண்டாத வேலை."

"மூடின்னா?"

"யோவ், மூடி மூடிதான்யா. அதுல என்ன இருக்கு?"

இருக்கிற ஒரு சொல்லை வைத்தே அவர் ஊரை ஒரு வழி பண்ணிவிட்டார். மாதாகோவில் விருந்தில் ஆவியில் வேகவைத்த சிப்பி பரிமாறினால், "ஒரு சிப்பிக்கு ரெண்டு வால்வு, தெரியுமில்ல? ரெண்டு ஓடும் ரெண்டு கதவு. இப்ப நீ கதவைத் திறந்து உள்ளே இருக்கிறவனைத் திங்கறே" என்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்மணி தட்டைத் தள்ளி வைப்பார். பள்ளிக்கூட இசை நிகழ்ச்சியில் ஊதுகொம்பு வாசிக்கும் பெண் மூச்சு வாங்குவதற்குள், பின்வரிசைக்குத் திரும்பி அதில் எத்தனை வால்வு என்று சொல்லி முடித்துவிடுவார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவர்கள், அங்கே எமிலைப் பார்த்ததும் காற்றடிக்காமலேயே நடந்து திரும்பிய கதைகள் உண்டு.

இத்தனைக்கும் மேலே அவருக்கு ஒரு கட்சியும் இருந்தது. வால்வு என்ற சொல் முதலில் தண்ணீர்க்காரர்களுடையது, டாக்டர்கள் பிற்பாடு வந்து இதயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது கட்சி. "நம்ம சொத்தை அடிச்சிட்டுப் போய் வெள்ளைக் கோட்டுக்குள்ள மறைச்சிட்டாங்க" என்று சொல்லும்போது குரல் நிஜமாகவே தழுதழுக்கும். நூலகத்தில் இருக்கும் ஓப்பல் ரென்ஷா இதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் பொறுமை இழந்து, மேசைமேல் பெரிய அகராதியைத் தொப்பென்று போட்டார்.

"எமில், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீயே படி. முதல்ல கதவு. அடுத்தது உடம்பு. இயந்திரம் அதுக்கப்புறம் ஒரு தலைமுறை கழிச்சுத்தான் வருது. உங்க குழாய்தான் உடம்புகிட்ட கடன் வாங்கியிருக்கு."

எமில் படித்தார். மறுபடி படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார்.

"அச்சுப்பிழை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இந்தப் பேச்சையெல்லாம் ஒரே கூரைக்கு அடியில், தப்பிக்க நாய்கூட இல்லாமல் தாங்கிக்கொண்டவர் அவர் மனைவி டோலோரஸ். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் சமையல் வேலை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அசராத காது. எமில் ஆரம்பித்தால் டோலோரஸ் "ம்" போடுவார். எந்த இடத்தில் ம் போட வேண்டும், எந்த இடத்தில் "அப்படியா" போட வேண்டும் என்று மனப்பாடம். உள்ளே காது எப்போதோ சாத்தியாயிற்று. அதனால்தான் அந்த இலையுதிர் காலத்தில் எமில் ஒரு வாக்கியத்தின் நடுவே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார் என்பதை அவர் சட்டென்று கவனித்தார். ம் போட வேண்டிய இடம் தள்ளிப்போயிற்று.

நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். இதய அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் லிண்ட்க்விஸ்ட் மெலிந்த பெண்மணி, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். மேசைமேல் பிளாஸ்டிக் இதயம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "மிஸ்டர் ஹூடாக், இது வந்து வால்வு..." என்றதுதான் தாமதம். டோலோரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

ரோமாபுரி, கதவு, கீல், சிப்பி, திருட்டு எல்லாவற்றையும் டாக்டர் கடைசிவரை கேட்டார். "சுவாரசியமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அதே குரலில் தொடர்ந்தார்:

"உங்க இதயத்துலேருந்து ரத்தம் வெளியே போற கதவுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிப்போச்சு. பாதிகூடத் திறக்க மாட்டேங்குது. அதை எடுத்துட்டு வேற வைக்கணும். தள்ளிப் போடற விஷயமில்ல. அதுவரைக்கும் மேடு ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது."

வெளியூர் பஸ்ஸில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தது போல எமிலின் முகம் மலர்ந்தது. "சுண்ணாம்பா? படிஞ்சு இறுகிடுச்சா?"

"ஆமா."

"அவ்வளவுதானா டாக்டர்! இது எனக்குத் தெரிஞ்ச கேஸ்தான்."

டாக்டர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டார். அது அறியாமை என்று டோலோரஸுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

எமில் கணக்கு போட்டுவிட்டார். இறுகின வால்வுக்கு என்ன வைத்தியம்? உடற்பயிற்சி. ஒரேயடியாக மிரட்டக்கூடாது, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, மறுபடி கொஞ்சம் முன்னே. துரு உதிரும், சுண்ணாம்பு விடும், வால்வு வழிக்கு வரும். இந்த ஊரில் எத்தனை வால்வுகளை அப்படிக் கெஞ்சிக் கெஞ்சித் திறந்திருக்கிறார்! மார்புக்குள்ளே இருக்கிறது மட்டும் வேறு சாதியா? மருத்துவமனையிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்தால், "இப்ப வேலை நெருக்கடி, அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிடுவார். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன், ஊருக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் ஏற ஆரம்பித்தார். கொஞ்சம் ஏறுவார், நின்று கொஞ்சம் இறங்குவார், மறுபடி ஏறுவார். உலகத்தில் எந்த இதய நோயாளியும் இப்படி முறை வைத்துத் தன்னைக் கொன்றுகொள்ளப் பார்த்ததில்லை.

விஷயத்தை உடைத்தவர் ரே. மளிகைக் கடையில் டோலோரஸைப் பார்த்தபோது விளையாட்டாகச் சொன்னார்: "உன் புருஷனுக்கு இந்த வயசுல ஒலிம்பிக் ஆசை வந்திடுச்சு போல. தினமும் தொட்டி மேட்டுல ஏறி இறங்கிட்டிருக்கான்."

டோலோரஸ் கையில் இருந்த முட்டைக்கோஸை அப்படியே திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"நீ செத்துப்போவே எமில்."

"யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாங்க. மேடு ஏறக்கூடாதுன்னு உன் காது கேக்கத்தானே சொன்னாங்க?"

"அவங்களுக்கு வால்வைப் பத்தி என்ன தெரியும்? படிச்சிருக்காங்க, அவ்வளவுதான். நான் வாழ்க்கை பூரா குழிக்குள்ள கையை விட்டுட்டிருக்கேன். போன வாரத்துக்கு இந்த வாரம் எவ்வளவோ தேவலை. லேசா விட்டுக்குடுக்குது, எனக்கே தெரியுது."

தேவலையாக இல்லை. உதடு சாம்பல் பூத்திருந்தது. மாடிப்படியின் பாதியில் நின்று சுவரில் தொங்கும் படத்தை ரசிப்பது போல மூச்சு வாங்கினார். அந்தப் படம் இருபது வருடமாக அங்கேயே இருக்கிறது. டோலோரஸ் கெஞ்சினார், திட்டினார், பாதிரியாரைக் கூப்பிட்டுப் பேச வைத்தார். பாதிரியாருக்கு வால்வின் அர்த்தம் தெரிந்ததுதான் மிச்சம். காலையில் எமில் கதவைச் சாத்திக்கொண்டு போனால், சாயங்காலம் டிரக் சத்தம் கேட்கிறவரை டோலோரஸ் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த மனிதர் இல்லாத வீடு எப்படி அமைதியாக இருக்கும் என்று அவரால் கற்பனை செய்ய முடிந்தது. அந்த அமைதி அவருக்கு வேண்டவே வேண்டாம்.

நவம்பரில் ஒருநாள் எமில் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனார். கில்போர்ன் தெரு முனையில் வேலை என்று சொல்லியிருந்தார். பள்ளிக்கூட வேலை முடிந்ததும் டோலோரஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனார். தெருவை மறித்துக் குடிநீர்த் துறை டிரக் நின்றது. எமிலும் ரேயும் குழியைச் சுற்றி முதுகு காட்டி நின்றிருந்தார்கள். சாவி குழிக்குள் செங்குத்தாக நின்றது. நகரவில்லை.

"நீ தள்ளிக்கோ" என்றார் ரே. "டிரக்குல நீளக் குழாய் இருக்கு. கைப்பிடியில மாட்டி ரெண்டு பேரும் தொங்கினா எங்கே போயிடும்? சுத்தித்தானே ஆகணும்."

"தொடாதே!" எமிலின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "ஏன்யா, எத்தனை வருஷமா இந்த வேலையில இருக்கே? முன்னே பின்னே எல்லாம் பாத்தாச்சு. ஒரு இம்மி அசையல. உள்ளே சுண்ணாம்பு கட்டி ஒண்ணோட ஒண்ணாப் பிடிச்சிட்டிருக்கு. உடற்பயிற்சி எல்லாம் நல்லா இருக்கிற வால்வுக்கு. கெட்டுப்போனதுக்கு இல்ல. இதுக்கு மேல ஒரு முறுக்கு முறுக்கினே, தண்டு ஒடியும். அப்புறம் இந்தத் தெரு பூரா மிதக்கும். தோண்டு, வெட்டி எடு, புதுசு போடு. அடுத்த வாரம், அடுத்த மாசம்னெல்லாம் இல்ல. இன்னிக்கே."

"எமில்" என்றார் பின்னால் நின்ற டோலோரஸ்.

இருவரும் திரும்பினார்கள்.

"இப்ப ரே கிட்ட சொன்னியே, அதை எனக்கு ஒரு தடவை சொல்லு."

"எதை?"

"உடற்பயிற்சின்னு ஆரம்பிச்சியே. அதுலேருந்து."

எமிலிடம் ஒரு விஷயத்தை மறுபடி சொல்லச் சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை. பழக்க தோஷத்தில் உற்சாகமாகவே ஆரம்பித்தார். "உடற்பயிற்சி எல்லாம் நல்லா இருக்கிற வால்வுக்கு டோலோரஸ். கெட்டுப்போனதுக்கு..."

நின்றுவிட்டார். குழியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிந்த தொட்டி மேட்டைப் பார்த்தார். ரே டிரக்கில் ஏதோ தேட வேண்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

டோலோரஸ் சாப்பாட்டுப் பெட்டியோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று முகத்தைக்கூட மறைக்கவில்லை. "கறுப்பு கவுனைப் போன வாரமே சலவைக்குப் போட்டு வாங்கி வெச்சிட்டேன் எமில். அலமாரியில தொங்குது. காலையில அலமாரியைத் திறந்தா அதுதான் முதல்ல கண்ணுல படுது. என்னால முடியல."

எமில் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே அவருக்கு நேரம் பிடித்தது. கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "நான் ஒரு வால்வை மூடினா எத்தனை சுத்துன்னு எண்ணி, அத்தனை சுத்தும் திருப்பித் திறப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் மனசு ஒப்பாது. அவங்க என்னைத் திறப்பாங்க. எண்ணுவாங்களா? எண்ணாம மூடிட்டா?"

இத்தனை நாள் வாய் கிழியப் பேசினதற்கெல்லாம் அடியில் இருந்தது இதுதான். டோலோரஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கேக்கறேன்" என்றார்.

கேட்டார். மறுநாள் பள்ளிக்கூட சமையலறையிலிருந்தே போன் போட்டு, தட்டுகளின் சத்தத்துக்கு நடுவே, "டாக்டர், என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேக்கச் சொன்னார். நீங்க எண்ணுவீங்களா?" என்றார். எதை எண்ணுவது என்று டாக்டருக்கு முதலில் புரியவில்லை. விளக்கிச் சொன்ன பிறகு டாக்டர் லிண்ட்க்விஸ்ட் சிரிக்கவில்லை. "எண்ணுவோம் மிஸஸ் ஹூடாக். ஊசி, பஞ்சு, கத்தரி எல்லாத்தையும் திறக்கறதுக்கு முன்னாடி எண்ணுவோம். மூடறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவோம். கணக்கு சரியா வரலேன்னா மூடமாட்டோம்" என்றார். டோலோரஸ் வந்து சொன்னதும் எமில் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர்களைப் பற்றி அவர் முதன்முதலாகச் சொன்ன நல்ல வார்த்தை அன்றைக்கு வந்தது: "அப்ப ஒழுங்கா வேலை கத்துக்கிட்டவங்கதான்."

தேதி குறித்தாயிற்று. ஆனாலும் எமில் எமில்தானே. எந்த வால்வு வைப்பது என்று பேச உட்கார்ந்தபோது டாக்டருக்கு அரைநாள் போயிற்று. பன்றி இதயத்திலிருந்து எடுத்ததும் உண்டு, உலோகத்தில் செய்ததும் உண்டு என்றார் டாக்டர்.

"பன்றியை எனக்குத் தட்டுலதான் பழக்கம்."

"உலோகம்னா நெடுநாள் வரும். ஆனா ரத்தம் உறையாம இருக்க ஆயுசு பூரா மாத்திரை சாப்பிடணும். முட்டைக்கோஸ், கீரை எல்லாம் ஒருநாள் நிறைய, ஒருநாள் கொஞ்சம்னு இருக்கக்கூடாது. தினமும் ஒரே அளவு."

எமில் டோலோரஸைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிகிச்சையைப் பற்றிய உண்மையான கவலை தெரிந்தது. "ஹலுஷ்கியா டாக்டர்? அளந்தா?"

"அளந்துதான். அப்புறம், அமைதியா இருக்கிற நேரத்துல டிக் டிக்னு சத்தம் கேக்கலாம். சில பேருக்கு அது பிடிக்கிறதில்ல."

"வேலை செய்யற வால்வுன்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்றார் எமில். "இது வலப்பக்கம் திறக்குமா, இடப்பக்கம் திறக்குமா?" ஊரின் பழைய வால்வுகளில் பாதி ஒரு பக்கமும் மீதி மறுபக்கமும் திறக்கும், அதைக் கேட்காமல் அவர் எதையும் கையால் தொட்டதில்லை. டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு சிறிய கதவுகள் நடுவிலிருந்து திறக்கும் என்றார். எமில் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அறுவை சிகிச்சை அன்றைக்குக் காத்திருக்கும் கூடத்தில் டோலோரஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு லாரி டிரைவர், அவருடைய அண்ணனும் உள்ளே இருந்தார். நேரம் நகரவில்லை. "உங்க வீட்டுக்காரருக்கு என்ன?" என்று அவர் மரியாதைக்குக் கேட்டார். "வால்வு" என்றார் டோலோரஸ். பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். "வால்வுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு டோலோரஸுக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தத்தான் நினைத்தார். முடியவில்லை. ரோமாபுரியும் கதவும் சிப்பியும் ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தன. ம் போட்டே கழித்த வருடங்களில் எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துதான் இருந்திருக்கிறது. உடம்புக்குப் பிறகுதான் இயந்திரம் என்று ஓப்பல் சொன்னதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். லாரி டிரைவர் நடுவில் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

எமில் பிழைத்தார். குளிர்காலம் முழுக்க வீட்டில் கிடந்தார். ஊர் நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஒருவரும் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை. கில்போர்ன் தெருவில் நவம்பரில் அன்றைக்கே பழையதைத் தோண்டி எடுத்து ரே வைத்த புது வால்வு ஒழுங்காக வேலை செய்தது. ஜேனட் அம்மாள் நாயை அவசரமில்லாமல் நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு மூடியிலும் நாய் நின்று முகர்ந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. டோலோரஸ் அலமாரியிலிருந்த கறுப்பு கவுனை எடுத்து, மாதாகோவில் தர்மத்துக்குச் சேர்க்கிற பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். முட்டைக்கோஸை அளக்க ஒரு குவளையைத் தனியாக எடுத்து வைத்தார்.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுத்து விருந்து போடுவார்கள். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை எமில் அதற்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. நடை மெதுவாக இருந்தது, ஆனால் வாசலிலிருந்து மேசைவரை ஓர் இடத்திலும் நிற்காமல் வந்துவிட்டார். ரே, ஜேனட் அம்மாள், ஓப்பல் என்று தெரிந்த முகங்கள் உட்கார்ந்திருந்த நீள மேசையில் இடம் போட்டுக் கொடுத்தார்கள். டோலோரஸ் அவர் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் சாலட்டைக் கண்ணால் அளந்து, ஒரு கரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

மீன் வந்தது. எல்லோரும் சாப்பிடுகிற பாவனையில் காத்திருந்தார்கள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருப்பாரே, இன்றைக்கு எவ்வளவு நேரமோ என்று பயம். எமில் பேசாமல் மீனைச் சாப்பிட்டார். கடைசியில் ரேயால் தாங்க முடியவில்லை.

"சரிய்யா, ஆரம்பி. இப்ப உள்ளேயே ஒண்ணு வெச்சிருக்கே. வால்வுன்னா என்னன்னு சொல்லு, கேட்டுத் தொலைக்கிறோம்."

எமில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்தார். பேசப்போகிறவர் போலக் கையை உயர்த்தினார். மேசை அடங்கியது, பக்கத்து மேசையும் அடங்கியது. எமில் வாயை நன்றாகத் திறந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், திறந்தபடியே வைத்துக்கொண்டார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு, திறந்த வாய்க்குள்ளிருந்து, டிக் டிக் என்று மெல்லிய சத்தம் வருவது கேட்டது. ஜேனட் அம்மாள் முன்னால் சாய்ந்தார். ஓப்பல் கண்ணாடியைக் கழற்றினார். ரே மட்டும் வாயிலிருந்த மொறுமொறுப்பான மீனை மென்றுகொண்டிருந்தார்.

டோலோரஸ் கையை நீட்டி ரேயின் தாடையைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலியைச் சர்ரென்று பக்கத்தில் இழுத்துப் போட்டு, காதோரம் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, தன் காதை எமிலின் வாயருகே கொண்டுபோய் வைத்தார்.